ஃபார்மட் போடுமுன் ராமைப் பாருங்கள்

(சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில் கல்லூரி மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வண்டலூரில் தொடங்கி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரிகள் நிற்கின்றன. நாலு பையன்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால், அந்த வீட்டில் நாலு லேப்டாப் இருக்கும். அதில் ஒன்று எப்போதும் தகராறில் இருக்கும். கடைக்கு எடுத்துக்கொண்டு போனால் முதலில் காதில் விழுகிற வார்த்தை, "ஃபார்மட் போட்டுப் பார்த்துடலாம்." இன்றைக்கு உங்களிடம் நான் கேட்டுக்கொள்ள வந்தது ஒன்றுதான். அந்த வார்த்தைக்குத் தலையாட்டுவதற்கு முன்னால் ராமைச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே சோதித்துவிடுங்கள். அதற்கு ஒரு பென் டிரைவும் ஒரு ராத்திரியும் போதும். காசு ஒரு ரூபாய் ஆகாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராமில் வரும் பழுது தன் பெயரில் வருவதில்லை. விண்டோஸ் கெட்டுவிட்டது போலத் தெரியும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது போலத் தெரியும். வைரஸ் புகுந்தது போலவும், சில நேரம் மதர்போர்டே எரிந்துவிட்டது போலவும் தெரியும். அதனால் பணம் கொடுக்கிறவர்கள் எதை எதையோ மாற்றப் பணம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தள்ளி வைத்துவிடுவோம். "சார், மெமரி ஃபுல்லுனு வருது" என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் சொல்வது ஹார்ட் டிஸ்க் நிரம்பியதை. செல்போனில் வாட்ஸப் வீடியோ நிரம்பினால் வருகிற அதே செய்தி. அது வேறு கதை. தேவையில்லாததை அழித்தால் தீர்ந்தது. நான் பேசப்போவது ராமைப் பற்றி, அதாவது வேலை நடக்கும்போது தகவலைத் தாங்கி நிற்கும் நினைவகத்தைப் பற்றி. அதிலும் இரண்டு வகைத் தொல்லை உண்டு. ராம் போதவில்லை என்பது ஒன்று. ராம் பழுது என்பது இன்னொன்று. போதாத ராம் லேப்டாப்பை மெதுவாக்கும். தப்பாக எதையும் செய்யாது. பழுதான ராம் வேகத்தைக் குறைக்காது. கொடுத்ததை மாற்றித் திருப்பித் தரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இரண்டாவதுதான் ஆபத்தானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ராம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். இன்று எல்லா லேப்டாப்பிலும் இருக்கிற ராமின் அடிப்படையை 1966இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட் என்ற பொறியாளர் யோசித்தார். 1968இல் காப்புரிமை கிடைத்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன மின்தேக்கி, இவ்வளவுதான் ஓர் அறை. மின்தேக்கியில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அந்த மின்தேக்கி அடியில் ஊசித்துளை விழுந்த குடம் மாதிரி. நிரப்பி வைத்தது ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வோர் அறையையும் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை, அதாவது ஒரு வினாடிக்குப் பதினைந்து முறைக்கு மேல், படித்துப் பார்த்து மறுபடி நிரப்புகிறார்கள். சிப் மிகவும் சூடானால் ஒழுக்கு கூடும் என்பதால் அந்த இடைவெளியைப் பாதியாகக் குறைக்கிறார்கள். 8 ஜிபி ராமில் இப்படிப்பட்ட அறைகள் 6,800 கோடிக்கு மேல் இருக்கின்றன. இத்தனையும் பிசகாமல் ஓடுவதுதான் எனக்கு இன்றும் வியப்பு. இதில் ஒரே ஒரு அறையில் ஒழுக்கு அதிகமாகி, அடுத்து நிரப்ப வருவதற்குள் காலியாகிவிட்டால், 1 என்று எழுதியது 0 என்று படிக்கப்படும்.

ஒரு பிட், அதாவது ஓர் அறையில் இருக்கும் 0 அல்லது 1, மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2003 மே மாதம் பெல்ஜியத்தில் தேர்தல் நடந்தது. தலைநகர் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக் என்ற பகுதியில் மின்னணு முறையில் வாக்கு எண்ணினார்கள். ஒரு வேட்பாளருக்குக் கிடைத்திருக்கச் சாத்தியமே இல்லாத அளவுக்கு வாக்குகள் வந்திருந்தன. திரும்ப எண்ணியபோது 4,096 வாக்குகள் அதிகப்படி என்று தெரிந்தது. 4,096 என்பது இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வரும் எண். கணினியின் கணக்கில் பதின்மூன்றாவது பிட் ஒன்று 0இலிருந்து 1ஆக மாறினால் கூடுகிற தொகை அதுவே. நிபுணர்கள் நிரலைத் துருவிப் பார்த்தும் தவறு கிடைக்கவில்லை. நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். வாக்கு எண்ணிக்கையானதால் கண்ணில் பட்டது. உங்கள் லேப்டாப்பில் அது ஒரு புகைப்படத்தின் நடுவில் விழுந்தால் படத்தில் பாதி சாம்பல் நிறமாகும். ப்ராஜெக்ட் ஜிப் ஃபைலில் விழுந்தால் அது திறக்காது. விண்டோஸின் உள்ளே விழுந்தால் நீலத்திரை வரும். எதுவும் ஓடாத இடத்தில் விழுந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஃபார்மட் ஏன் பயன்படாது என்பதை இங்கே பாருங்கள். விண்டோஸ் போடுவது என்றால் என்ன நடக்கிறது? பென் டிரைவில் அழுத்திச் சுருக்கி வைத்திருக்கும் ஃபைல்களை எடுத்து, ராமில் விரித்து, அங்கிருந்து டிஸ்க்கில் எழுதுகிறது. எல்லாமே ராம் வழியாகத்தான் போகிறது. பழுதான அறை வழியாகப் போன ஃபைல், மாறிப்போன பிட்டோடு டிஸ்க்கில் பதிந்துவிடும். புத்தம் புதிய விண்டோஸ் பிறக்கும்போதே ஊனத்தோடு பிறக்கிறது. பாதியில் "ஃபைல் சிதைந்துள்ளது" என்று நின்றால் நல்ல காலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் முடிந்தால்தான் தொல்லை. பத்து நாள் ஓடிவிட்டு மறுபடி ஹேங் ஆகும். அதைவிட மோசம், பழைய போட்டோக்களையும் ரெக்கார்டு நோட்டுகளையும் பேக்கப் எடுக்கிறோம் என்று காப்பி செய்கிறீர்களே, அந்தக் காப்பியும் அதே ராம் வழியாகத்தான் போகிறது. நல்ல மூலத்தை அழித்துவிட்டுக் கெட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்கிற நிலை வரும். ராம் மேல் சந்தேகம் வந்துவிட்டால், சோதனை முடியும்வரை அந்த லேப்டாப்பில் முக்கியமான எதையும் காப்பி செய்யாதீர்கள்.

ஒரு லேப்டாப்பின் கதையைச் சொல்கிறேன். இந்தப் பகுதியில் வசிக்கும் ஒரு அம்மா கொண்டுவந்தார். மகள் கடைசி வருடம்.

"தம்பி, பாப்பா ப்ராஜெக்ட் குடுக்கணும். அடிக்கடி நின்னு போகுது. ரெண்டு மூணு தடவை ஃபார்மட் போட்டாச்சு. ஹார்ட் டிஸ்க்கும் மாத்திட்டாங்க. இன்னும் அதே தொல்லை."

"அக்கா, நிற்கும்போது நீலத்திரையில் என்ன எழுத்து வருதுன்னு பாப்பா பாத்துச்சா?"

அந்தப் பெண் கெட்டிக்காரப் பெண். ஒவ்வொரு முறையும் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஒன்றில் மெமரி மேனேஜ்மென்ட் என்று இருந்தது. இன்னொன்றில் பேஜ் ஃபால்ட். வேறொன்றில் சம்பந்தமே இல்லாத ஒரு டிரைவரின் பெயர். இப்படி ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் காட்டுவதே ராம் பழுதின் முதல் அடையாளம். மென்பொருள் பழுது என்றால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தடுக்கி விழும். இன்னொன்றையும் அவள் கவனித்திருந்தாள். மெயில் எழுதும்போது ஒன்றும் ஆகாது. பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு பக்கம் திறந்து, கூடவே ப்ராஜெக்ட்டையும் ஓட்டினால்தான் நிற்கும். குறைவாகப் பயன்படுத்தும்போது கெட்ட அறை இருக்கும் பகுதி தொடப்படுவதில்லை; நிரம்பும்போது தொடப்படுகிறது. அந்த லேப்டாப்பில் இரண்டு ராம் ஸ்டிக் இருந்தன. சோதனை ஓட்டியபோது சிவப்புக் கோடுகள் வந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்ததில் ஒரு ஸ்டிக் சுத்தம், மற்றதில் பிழை. கெட்டதை எடுத்துவிட்டு, மீதி 4 ஜிபியோடு விண்டோஸை ஒரு முறை, அதாவது சரியான ராமின் மேல் முதன்முறையாக, போட்டோம். ப்ராஜெக்ட் முடிந்தது. மாற்றப்பட்ட ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த அம்மா கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. அந்தக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

இது அபூர்வமான கதையும் இல்லை. டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பியான்கா ஷ்ரோடர், கூகுள் பொறியாளர்களோடு சேர்ந்து அந்த நிறுவனத்தின் சர்வர்களில் இருந்த ராம்களை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ஸ்டிக்குகளில் பிழை பதிவாகியிருந்தது. சர்வர் ராமில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் ஏற்பாடு உண்டு. அதனால் எண்ண முடிந்தது. நம் லேப்டாப்பில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு கிடையாது. பிழை வந்தால் எண்ண ஆளில்லை. 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 10 லட்சம் சாதாரண கணினிகளின் செயலிழப்புப் பதிவுகளை அலசினார்கள். ராம் பிழையால் ஒருமுறை நின்ற கணினி மறுபடியும் அதனாலேயே நிற்கும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்றும், பெரும்பாலும் அதே முகவரியில்தான் பிழை வருகிறது என்றும் கண்டார்கள். "ஒரு தடவைதானே, விடு" என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

சோதனைக்கு வருவோம். விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் மெமரி என்று தட்டினால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று வரும். அழுத்தினால் லேப்டாப் அணைந்து எழுந்து, நீல நிறத் திரையில் சோதனை ஓடும். எஃப்1 விசையை அழுத்தி எக்ஸ்டெண்டெட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சும்மா விட்டால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு முடித்துவிடும். முடிவு விண்டோஸ் திரும்ப வந்தபின் மூலையில் எட்டிப்பார்த்துவிட்டு மறைந்துவிடும். தவறவிட்டால் ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் பதிவில் மெமரி டயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ் என்ற பெயரில் தேடலாம்.

இந்தக் கருவி பிழை என்று சொன்னால் நம்புங்கள். பிழை இல்லை என்று சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். அடுத்துச் செய்ய வேண்டியது மெம்டெஸ்ட். மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86 பிளஸ் என்று இரண்டு உண்டு. இரண்டும் 1994இல் கிறிஸ் பிரேடி எழுதிய ஒரே நிரலிலிருந்து கிளைத்தவை, இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை எழுப்ப வேண்டும். விண்டோஸ் ஓடாதபோது சோதிப்பதால் ஏறத்தாழ ராம் முழுவதையும் தொட்டுப் பார்க்க முடியும். எல்லா அறையிலும் 0 எழுதிப் படிக்கும். பிறகு 1. பிறகு ஒன்றுவிட்டு ஒன்று. பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போகும், மேலிருந்து கீழாகத் திரும்பி வரும். ஓர் அறை தனியாக நன்றாக இருந்து, பக்கத்து அறையில் எழுதும்போது மட்டும் தடுமாறுவது உண்டு. அதைப் பிடிக்கத்தான் இத்தனை கோலம். ஒரு சுற்று முடிந்தவுடன் எழுந்துவிடாதீர்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுவிட்டு, சார்ஜரைச் செருகிவிட்டு, காலையில் வந்து பாருங்கள். மின்வெட்டு வந்தால் பேட்டரியில் சிறிது நேரமாவது ஓடட்டும். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது பிழைதான். "ஆயிரத்தில் ஒன்றுதானே" என்ற கணக்கு இங்கே செல்லாது. எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில லேப்டாப்கள் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பால் பென் டிரைவிலிருந்து எழ மறுக்கும். பயாஸில் போய் அதைத் தற்காலிகமாக அணைக்கலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லாவிட்டால் டிஸ்க்கில் இருப்பது உங்களுக்கே எட்டாது. ராமைச் சோதிக்கப் போய்ப் படிப்பையே தொலைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, சோதனையில் பிழை வந்துவிட்டது. இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒன்றைக் கழற்றி, மற்றதை மட்டும் வைத்துச் சோதியுங்கள். பிறகு மாற்றி வையுங்கள். நல்லது என்று தெரிந்த ஸ்டிக்கை இரண்டு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் கெட்டது. ஸ்டிக் மாறினாலும் அதே ஸ்லாட்டில் பிழை வந்தால் ஸ்லாட்டோ போர்டோ கெட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

கழற்றுவது கஷ்டமில்லை. லேப்டாப்பை ஸ்லீப்பில் விடாமல் முழுதாக அணையுங்கள். சார்ஜரை எடுங்கள். பேட்டரி வெளியே வருகிற மாடலென்றால் எடுத்துவிடுங்கள். உள்ளே இருந்தால் அதன் இணைப்பைப் போர்டிலிருந்து விடுவியுங்கள். பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். நிலைமின்சாரம் ராமைக் கெடுக்கலாம், அதனால் ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். வேலையில் கை வைக்குமுன் ஒரு உலோகக் குழாயைத் தொட்டுக்கொள்ளுங்கள். இதோ, என் கையில் இருப்பது ஒரு ஸ்டிக். விரல் நீளம்தான், ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஸ்லாட்டின் இரண்டு ஓரத்திலும் வெள்ளிக் கொக்கிகள் இருக்கும். இரண்டையும் கட்டை விரல்களால் வெளிப்பக்கமாகத் தள்ளினால் ஸ்டிக் தானாகத் துள்ளிச் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்விலேயே இழுக்க வேண்டும். திரும்பப் போடும்போதும் அதே சாய்வில், பொன்னிறக் கோடுகள் உள்ளே மறையும்வரை அழுத்திச் செருகி, பிறகு கீழே அமுக்குங்கள். இரண்டு பக்கமும் டக் என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் கேட்காவிட்டால் சரியாக உட்காரவில்லை.

பல நேரம் இந்தக் கழற்றி மாட்டலிலேயே பழுது தீர்ந்துவிடும். நாம் இருப்பது கடலுக்கு வெகு தூரத்தில் இல்லை. காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலைப் புழுதியும், ஓயாத கட்டட வேலைகளின் தூசும் சேர்ந்துகொள்கின்றன. அந்தப் பொன்னிறக் கோடுகளில் கண்ணுக்குத் தெரியாத படலம் படியும். பவர் போட்டால் ஃபேன் மட்டும் சுற்றும், டிஸ்பிளே வராது. பீப் ஒலி வரும், அல்லது கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு எரியும். "மதர்போர்டு போச்சு" என்று யாராவது சொல்வதற்கு முன் அந்த ஒலியையும் விளக்கையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நீளம், எத்தனை குட்டை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் அதன் பொருள் இருக்கும். பிறகு ஸ்டிக்கைக் கழற்றி, பென்சில் எழுத்தை அழிக்கிற மெத்தென்ற வெள்ளை ரப்பரால் பொன்னிறக் கோடுகளை லேசாகத் தடவி, உதிர்ந்த துகளை முழுதாகத் துடைத்து, ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். மை அழிக்கிற சொரசொரப்பான ரப்பர் வேண்டாம். அது பொன்முலாமையே சுரண்டிவிடும். அதன் பிறகு செம்பு வெளியே வந்து இன்னும் வேகமாகக் கறுக்கும்.

தண்ணீரைப் பற்றி இந்த ஊரில் பேசாமல் போக முடியாது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். நனைந்த லேப்டாப்பை "ஓடுதான்னு பாப்போம்" என்று ஆன் செய்வதுதான் அதைக் கொல்கிறது. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அரிசிப் பானையில் வைப்பதால் வெள்ளநீரின் உப்பும் சேறும் போகாது. இன்னொன்று, உடனே ஓடினாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். ராம் ஸ்லாட்டின் உள்ளே அரிப்பு வாரக்கணக்கில் மெதுவாக நடக்கும். ஒரு மாதம் கழித்து மெம்டெஸ்ட்டை மறுபடி ஓட்டுங்கள்.

இனி, போதாத ராமுக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 15ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டத்தில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. முதல் தொகுதியில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். எத்தனை குடும்பங்களில் முதல் கணினி அதுதான்! அக்கா படித்து முடித்து, தம்பி படித்து முடித்து, இன்றும் சில வீடுகளில் அது இருக்கிறது. அதைக் கொண்டுவரும் பிள்ளைகள் கொஞ்சம் கூச்சத்தோடு, "கவர்மென்ட் லேப்டாப்தான் அண்ணா, தேறுமா?" என்று கேட்பார்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. அது உங்கள் குடும்பத்தைத் தூக்கிவிட்ட கருவி. ஆனால் ராம் கூட்டுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அக்காலத்துச் சின்ன மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு இருந்தது. அந்தப் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ராமைப் பயன்படுத்தாது. மைக்ரோசாஃப்ட் போட்ட உச்சவரம்பு அது. காசு கொடுத்து 4 ஜிபி போட்டாலும் 2 ஜிபிதான் பயன்படும் என்று காட்டும். ஸ்டிக் பழுது இல்லை, கடைக்காரர் ஏமாற்றவும் இல்லை. அதேபோல 32 பிட் விண்டோஸ் 4 ஜிபியையும் முழுதாகக் காட்டாது. இந்தப் பழைய கணினிகளுக்கு லினக்ஸ்தான் நல்ல வழி. நம் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அந்த மடிக்கணினிகளிலேயே விண்டோஸுக்குப் பக்கத்தில் வந்தது. பலர் திறந்தே பார்த்ததில்லை. அந்த வரிசையில் எளிய லினக்ஸ் ஒன்றைப் போட்டால் எழுதவும் படிக்கவும் நிரல் பழகவும் 2 ஜிபியே தாங்கும்.

அதற்குப் பிந்தைய லேப்டாப் என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எவ்வளவு ராம் நிரம்பியிருக்கிறது, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும். வழக்கமான வேலை செய்யும்போது எண்பத்தைந்து, தொண்ணூறு சதவீதம் நிற்கிறது, டிஸ்க்கும் ஓயாமல் ஓடுகிறது என்றால் ராம் போதவில்லை. இடமில்லாமல் விண்டோஸ் டிஸ்க்கைக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறது. அப்போதும் உடனே கடைக்குப் போகாமல், ஸ்டார்ட்டப் பட்டியலில் யார் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்த்து, தேவையில்லாததை அணையுங்கள். 8 ஜிபி போட்டும் 5.9 ஜிபிதான் பயன்படும் என்று காட்டினால், பெரும்பாலும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் 2 ஜிபியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கும், அது இயல்பு. 4 ஜிபி மொத்தமாகக் காணோம் என்றால் ஸ்டிக் சரியாக உட்காரவில்லை. இன்னொரு காரணமும் அடிக்கடி பார்க்கிறேன். வேகம் கூட்டும் வழி என்று வீடியோவில் பார்த்துவிட்டு, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் மேக்சிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள். அந்த டிக்கை எடுத்தால் காணாமல் போன ராம் திரும்பி வந்துவிடும்.

வாங்குவதற்கு இப்போது நல்ல காலம் இல்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் ராமை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து விலை கடுமையாக ஏறியிருக்கிறது. உலகத்தின் பெரும்பாலான ராம் சிப்கள் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களிடமிருந்தே வருகின்றன; அதில் மைக்ரான் 2025 டிசம்பரில், நாம் கடையில் வாங்கிவந்த தன் க்ரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அறிவித்தது. அதனால்தான் கெட்டது எது என்று நிச்சயமாகத் தெரியாமல் வாங்காதீர்கள் என்கிறேன். பழைய பில் இருக்கிறதா என்று வீட்டில் தேடுங்கள். கிங்ஸ்டன், க்ரூஷியல் ஸ்டிக்குகள் பலவற்றுக்கு ஆயுட்கால உத்தரவாதம் உண்டு. மெம்டெஸ்ட்டின் சிவப்புத் திரையைப் படம் எடுத்து, பில்லோடு கொடுத்தால் மாற்றித் தரக் கேட்கலாம்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் டி.டி.ஆர்.3, 4, 5 எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெட்டுப்பள்ளம் இடம் மாறி இருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் நுழையாது. அழுத்தி நுழைக்கப் பார்க்காதீர்கள். டி.டி.ஆர்.3இல் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என்று இரண்டு உண்டு, இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். குறைந்த வோல்ட் மட்டும் ஏற்கிற லேப்டாப்பில் மற்றதைப் போட்டால் டிஸ்பிளேயே வராமல் போகலாம். பழைய ஸ்டிக்கின் ஒட்டுத்தாளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சென்னை ரிச்சி தெருவில் பழைய ராம் வாங்குவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். இன்றைய விலைக்கு அது நியாயம். ஆனால் சோதித்துப் பிழை வந்தால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த அன்றிரவே மெம்டெஸ்ட்டை ஓட்டுங்கள். பழைய ஸ்டிக்கைக் கடையில் விட்டுவிடாதீர்கள். அது உங்கள் பொருள்.

கடைசியாக, ஸ்லாட்டே இல்லாத லேப்டாப்கள். மெலிதான மாடல்கள் பலவற்றில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்ற வைத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் அந்த வகை. இதில் ஓர் அறை கெட்டாலும் போர்டு மாற்ற வேண்டும் என்பார்கள். அந்தச் செலவில் இன்னொரு லேப்டாப்பே வாங்கலாம். வாரண்டி இருந்தால் உடனே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. கெட்ட அறைகள் சில முகவரிகளில் மட்டும் இருந்தால், மெம்டெஸ்ட் அந்த முகவரிகளைக் காட்டும். லினக்ஸில் பூட் ஆகும்போதே "இந்தப் பகுதியைத் தொடாதே" என்று எழுதி வைக்க முடியும். விண்டோஸின் பூட் அமைப்பிலும் கெட்ட நினைவகப் பட்டியல் ஒன்றைக் கொடுக்க இடம் இருக்கிறது. 8 ஜிபியில் சில மெகாபைட்டை ஒதுக்கிவிட்டு மீதியை நிம்மதியாகப் பயன்படுத்தலாம். ஒதுக்கியபின் முன்பு நின்ற அதே வேலையைச் செய்து பாருங்கள். மாதம் ஒரு தடவை மெம்டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டுங்கள். முகவரிகள் அப்படியே இருந்தால் படிப்பு முடியும்வரை அந்த லேப்டாப் போதும். புது முகவரிகள் சேர்ந்துகொண்டே போனால் அது பரவுகிற பழுது. வேறு கணினிக்கு ஏற்பாடு செய்யத் தொடங்குங்கள்.

பென் டிரைவ் கொண்டுவந்தவர்கள் வரிசையாக மேசைக்கு வாருங்கள், மெம்டெஸ்ட் ஏற்றித் தருகிறேன். அதில் இருக்கிற ஃபைல்கள் அழிந்துவிடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பையே கொண்டுவந்தவர்கள் அந்த ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம்.